மேஜருக்கு எண்ணெய் தேய்த்த தீபாவளி

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? ஆரணிப் பக்கத்திலிருந்து யார் ரயிலேறி வந்தாலும், மூட்டையை இறக்கி வைப்பதற்குள் இதைத்தான் கேட்கிறீர்கள்: துரை வீட்டு நாய்க்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாயாமே, நிஜமா? ஊரில் மழை உண்டா, யார் வீட்டில் கல்யாணம், அதையெல்லாம் சொல்ல வாய் வராது. நாய் குளித்த கதை மட்டும் வேண்டும். சரி, கேட்டுத் தொலையுங்கள். ஆனால் ஊருக்குப் போய் நான் சொன்னபடியே சொல்ல வேண்டும். சீயக்காய் போட்டேன் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சீயக்காய் போடவில்லை, அது கண்ணில் பட்டால் எரியும். கடலை மாவுதான் போட்டேன்.

பெங்களூருக்கு வந்த புதிதில் எனக்குக் குளிர்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. சத்தம்தான் ஆளைக் கொன்றது. நான் சமையலுக்குச் சேர்ந்த வெள்ளைக்காரத் துரையின் பங்களா கண்டோன்மென்ட்டின் ஓரத்தில் இருந்தது. முன்பக்கம் பட்டாளத்து மைதானம். பின்பக்க வேலியைத் தாண்டினால் மகாராஜா சீமை, கன்னடக்காரர் தெரு. காலையில் பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கி சுட்டுப் பழகுவார்கள். அந்த வீட்டுக் கோழிகள்கூடத் தலையைத் தூக்காமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். நான் மட்டும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுச் சமையல்கட்டு மேசைக்கு அடியில் புகுந்துகொள்வேன். முதல் நாள் அப்படிப் புகுந்தபோது அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளையில் பழுப்புத் திட்டு, தொங்கும் காது, வெடவெடவென்று நடுங்கும் உடம்பு. அவர் பெயர் மேஜர். தான் பட்டாளத்தில் இருந்த ஞாபகத்துக்குத் துரை அந்தப் பெயரை வைத்தாராம். நாயைப் பார்த்துவிட்டுப் பெயர் வைத்திருக்கலாம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். இந்த ஊரில் எனக்கு முதலில் இடம் கொடுத்தது யார் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நம் ஊரில் நாய்க்குப் பெயர் ஏது? அடுப்புச் சாம்பலில் படுத்திருக்கும். போ என்றால் போகும், சோறு வைத்தால் வரும். வெடிச்சத்தத்துக்கு நாய் பயப்படுமா என்று யோசிக்கும் அளவுக்கு யார் வீட்டில் வெடி வாங்கினோம்? தீபாவளிக்கு மணியக்காரர் வீட்டில் நாலு வெடி வெடித்தால், ஊரே வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு உள்ளே போகும். பொழுது விடிவதற்குள் தலைக்கு எண்ணெய், புதுத்துணி, ஒரு வாய் பலகாரம், வெடி. சூரியன் மேலே வந்தால் தீபாவளி முடிந்தது. மத்தியானம் கண்ணைச் சொக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பகலில் தூங்கக் கூடாது என்று என் மாமியார் ஆளாளுக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பிக்கொண்டே போவாள். கடைசியில் சொம்பைக் கையில் பிடித்தபடி அவளே சுவரில் சாய்ந்து குறட்டை விடுவாள்.

பங்களாவில் மேஜரின் கதை நல்லபடியாக இல்லை. துரை அதைக் காடை, கௌதாரி சுடக் கூட்டிப்போக வாங்கினார். துப்பாக்கியைக் கண்டால் பறவைக்கு முன்னால் அது பறந்துவிடும். அந்த வருஷம் வெள்ளைக்கார ராஜா பிறந்தநாளுக்கு மைதானத்தில் வாணம் விட்டபோது வேலியைத் தாண்டி ஓடி, பிடிக்கப்போன ஜட்கா வண்டிக்காரனைக் கடித்துவிட்டது. இன்னொரு தரம் ஓடினால் என் கையாலேயே சுட்டுவிடுவேன் என்று துரை சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற மனிதர். பிள்ளையில்லாத துரைசாணிக்கோ அதுதான் பிள்ளை. தீபாவளி நெருங்க நெருங்க, அந்த அம்மாள் சமையல்கட்டுக்கு வந்து என்னவோ சொல்ல ஆரம்பிப்பாள். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். பட்லர் அந்தோணிதான் எனக்கு விஷயத்தைச் சொன்னான். தமிழ்க்காரர்கள் இருக்கும் பிளாக்பள்ளியில் எங்கள் சந்திலேயே குடியிருப்பவன். இங்கிலீஷ் பேசுவான். அதனால் நடை கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

"அந்தோணி, துரைசாணி கிட்ட சொல்லு. தீபாவளிக்கு நாய நான் பாத்துக்கறேன்னு."

"நீயா? துப்பாக்கி சத்தம் கேட்டா நீயே மேசைக்கு அடியில பூந்துக்கற. இன்னா பண்ணுவ?"

"எண்ணெ தேச்சு குளிப்பாட்டுவேன்."

அவன் கையிலிருந்த பீங்கான் தட்டு கீழே விழாதது கர்த்தர் கிருபை. "கன்னிம்மாக்கா, அது நாயாச்சே!"

"நாய்க்குத் தூக்கம் வராதா? உங்க மாமனாரு எண்ணெ தேச்சுக் குளிச்சா சாயந்தரம் வரைக்கும் எழுந்துக்கறாரா? அவரவிட இது நல்ல ஜாதி."

துரைசாணியிடம் நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டியபோது, நாய்க்குச் சொறி பிடித்துவிட்டதென்று நினைத்து மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பக் கிளம்பினாள். நான் என் தலையில் தேய்ப்பதுபோல் காட்டி, கண்ணை மூடி, கையைக் கன்னத்துக்கு வைத்துத் தூங்கிக் காட்டினேன். என்னைப் பாவமாகப் பார்த்து, எனக்கு அரைநாள் லீவு கொடுத்தாள். பிறகு அந்தோணி வந்து விளக்கினான்.

தீபாவளியன்று விடியலில் வெந்நீர் வைத்து, மேஜரைப் பிடித்து உட்கார வைத்து, உச்சி முதல் வால் வரை எண்ணெய் தேய்த்தேன். முதலில் என்னை முறைத்தது. காதுக்குப் பின்னால் இரண்டு விரல் அழுத்தியதும் வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டது. குளிப்பாட்டித் துடைத்து, ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குள் கூட்டிப்போனேன். துரைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆப்பம் இல்லாவிட்டால் ஞாயிறே இல்லை. அதனால் அந்த வீட்டில் ஓர் ஆட்டுக்கல் உண்டு. அது கிடந்தது அந்த அறையில்தான். கதவைச் சாத்திவிட்டு, ஊறின அரிசியைப் போட்டு ஆட்ட ஆரம்பித்தேன். கடகடவென்று கல் சுற்றுகிற சத்தத்தில் வெளிவெடி அமுங்கிப்போயிற்று. பெரிய வெடியாக வந்தால் காது மட்டும் எழும்பும். நான் கையை நிறுத்தாமல் "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்பேன். அதற்குத் தமிழ் தெரியாது. ஆனால் நிற்காத சத்தம் அதற்குப் புரிந்தது. கல்லின் ஓரத்தில் முகவாயை வைத்துக்கொண்டு தூங்கியே போய்விட்டது. என் தோள்தான் கழன்று விழுந்தது. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் ஆப்பம்.

வெயில் ஏறியதும் கதவைத் திறந்து, "தீபாவளி முடிஞ்சிடுச்சு" என்று பெருமையாகச் சொன்னேன். துரைசாணி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். துரைகூட மீசைக்குள் என்னவோ சொன்னார்.

கன்னடக்காரப் பால்காரர் மட்டும் தலையை ஆட்டினார். "நாளெயூ ஹப்பா, நாடித்தூ ஹப்பா, அம்மா" என்றார். நாளைக்கும் பண்டிகை, நாளன்றைக்கும் பண்டிகை. மனிதர் மூன்று நாளைக்கும் சேர்த்து இனாம் கேட்கிறார் என்று நினைத்தேன். முறுக்கைக் கையில் கொடுத்து, "இன்னிக்கு மட்டும்தான்யா தருவேன்" என்றேன். அவர் முறுக்கையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், கடித்துக்கொண்டே போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் விடிந்தால் முடிகிற தீபாவளி, வேலிக்கு அந்தப் பக்கம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று ஆரணிக்காரி எப்படிக் கண்டாள்? மறுநாள் நான் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மேஜரைச் சங்கிலியில்லாமல் தோட்டத்தில் விட்டிருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் கன்னடக்காரர் தெருவில் லட்சுமி பூஜை. வெடியைச் சரம்சரமாகக் கொளுத்தியிருக்கிறார்கள். இதெல்லாம் அந்தோணி பிறகு சொன்னது.

நான் பிளாக்பள்ளியில், எங்கள் சந்துக்குப் பொதுவான ஆட்டுக்கல்லில் மறுநாள் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தேன். சந்தில் சத்தமே இல்லை. தமிழ் இந்துக்களுக்குத் தீபாவளி நேற்றே முடிந்தது. பாதி வீடு அந்தோணி மாதிரி மாதாகோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள், வெடி அவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்குத்தான். திடீரென்று என் முழங்கைக்கு அடியில் ஈரமான மூக்கு ஒன்று நுழைந்தது. மேஜர். கறி வாங்க வரும் நாட்களில் அந்தோணியோடு இந்தப் பக்கம் வந்த வழக்கம், வழி தெரிந்திருக்கிறது. உடம்பெல்லாம் முள் கீறல். ஆட்டுக்கல்லுக்கும் எனக்கும் நடுவில் புகுந்து படுத்துக்கொண்டு, மேசைக்கு அடியில் பார்த்த அதே நடுக்கம் நடுங்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல் மட்டும் ஓடியது. அதை நிறுத்த எனக்குத் தைரியமில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜட்கா வந்து நின்றது. துரை இறங்கினார். கையில் துப்பாக்கி. பின்னால், வழி காட்டி வந்த அந்தோணி. சந்து முழுக்கக் கதவுகள் திறந்தன.

"யாரையாவது கடிச்சுதான்னு கேக்கறாரு" என்றான் அந்தோணி.

"என் மாவைக்கூட நக்கலன்னு சொல்லு."

"ஓடிப்போன நாய வெச்சுக்க மாட்டாராம். உன்னத் தள்ளிப் போவச் சொல்றாரு."

"ஓடிப்போனா கால் போன பக்கம் இல்ல போயிருக்கும்? இது பழகின வூட்டுக்கு வந்திருக்கு. பயந்துக்கறது குத்தம்னா என்னையும் சேத்து சுடச் சொல்லு. அந்த மேசைக்கு அடியில நாங்க ரெண்டு பேருந்தான இருந்தோம்? சுட்டுட்டு, ஞாயித்துக்கெழம ஆப்பம் யாரு சுடுவாங்கன்னும் கேளு."

இத்தனையையும் அந்தோணி இங்கிலீஷில் நாலே வார்த்தையில் முடித்துவிட்டான். மீதி இங்கிலீஷ் அவனிடம் இல்லையோ, தைரியம் இல்லையோ தெரியாது. துரை பதில் சொல்வதற்குள் எங்கேயோ தூரத்தில் ஒரு பெரிய வெடி. மேஜர் என் மடியில் முகத்தைப் புதைத்தது. நான் அப்போது நாயைப் பார்க்கவில்லை, துரையின் கையைப் பார்த்தேன். துப்பாக்கியின் மேல் அந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பெரிய சண்டைக்குப் போய் வந்தவர் என்று அந்தோணி சொல்லியிருக்கிறான். நான் பார்த்தது அவருக்கும் தெரிந்துவிட்டது. நான் குனிந்து மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே கல்லைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினேன்.

துரை துப்பாக்கியை அந்தோணியிடம் கொடுத்தார். சுவரோரம் கிடந்த சாமான் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கிளம்புவார், கிளம்புவார் என்று சந்தே காத்திருந்தது. அவர் கிளம்பவில்லை. தூரத்து வெடி ஓயும்வரை நான் ஆட்ட, நாய் ஒருபக்கமும் துரை ஒருபக்கமுமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாவு வெண்ணெயாகி, அதற்குமேல் ஆட்ட ஒன்றுமில்லை. வெறும் தண்ணீரை ஊற்றி ஆட்டினேன். எழுந்து போகும்போது துரை நாயின் தலையில் ஒருமுறை கைவைத்து அந்தோணியிடம் என்னவோ சொன்னார்.

"கன்னடக்காரங்க பண்டிகை முடியற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டுமாம்" என்றான் அந்தோணி, தன் காதையே நம்பாமல்.

அதன்பிறகு வருஷா வருஷம் அப்படித்தான். எங்கள் தீபாவளிக்கு மேஜர், துரை பங்களாவில், சாமான் அறையில். கன்னடக்காரர் தீபாவளி தொடங்கியதும் ஜட்காவில் ஏறி எங்கள் சந்துக்கு. நல்லெண்ணெய் வாசனையோடு ஓர் இங்கிலீஷ் நாய்.

முதல் வருஷம், துரை போன மறுநிமிஷமே சந்துப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தோணியின் பெண்டாட்டி ரெஜினா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏங்க்கா, தொர வூட்டு நாய் உனக்கு இன்னா ஒறவு?"

"ஊரு வுட்டு ஊரு வந்தது" என்றேன். "இந்த ஊரு சத்தம் இன்னும் பழகல. பழகற வரைக்கும் நம்மகூட இருக்கட்டும்."

"அது எப்பக்கா பழகும்?"

"அத என்ன ஏன்டி கேக்கற?" என்றேன். "நானே இன்னும் பழகிக்கினுதான் இருக்கேன்."