முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும்

விவாகரத்துத் தீர்ப்பில் மகள் எனக்கு, மகன் அவருக்கு என்று எழுதியிருந்தது. மகனுக்கு அப்போது ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. அவர் சாத்தூரில் தன் அப்பா அம்மாவோடு இருந்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதினார். நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில், பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டபோது, "தாத்தாகூடயே இருக்கேன்" என்று மகன் சொல்லிவிட்டான். அவனை இன்னொரு நீதிபதி முன்னால் நிறுத்தி அதே கேள்வியைக் கேட்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒப்புக்கொண்டேன்.

சண்டை ஒரே ஒரு வரியில்தான் வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் காலை முதல் மாலை வரை தகப்பனார் மகளையும், தாயார் மகனையும் அழைத்துச் சென்று உடன் வைத்துக்கொள்ளலாம் என்பது அந்த வரி. காகிதத்தில் வாசித்தபோது நியாயமாகத்தான் தெரிந்தது.

முதல் ஞாயிறன்று சாத்தூர் பேருந்து நிலையத்துக்கு மகளைக் கூட்டிப் போனேன். அவர் மகனோடு வந்து நின்றார். அண்ணனைக் கண்டதும் இவள் ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் கையிலிருந்த வெள்ளரிப் பிஞ்சை ஒடித்துப் பாதியைக் கொடுத்தான். அதை அவள் கடிப்பதற்குள் அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். சிவகாசிப் பேருந்து கிளம்பத் தயாராக இருந்தது. நான் மகனை ஏற்றிவிட்டு ஏறினேன்.

"ஏம்மா, பாப்பா வரலையா?" என்றான்.

"அவ அப்பாகூடப் போறா. நீ அம்மாகூட வாறே."

"அப்ப எங்க ரெண்டு பேரையும் எப்பம்மா சேத்து விடுவீக?"

அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே உறைத்தது. பிள்ளைகளை இடம் மாற்றிக்கொள்கிறோமே தவிர, இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிற ஒரு நாளைக்கூட அந்தத் தீர்ப்பு விட்டுவைக்கவில்லை.

மறுநாளே வக்கீலிடம் போனேன். சிவகாசிக்காரர், நல்ல மனிதர், எதையும் அவசரப்படாமல் பேசுவார்.

"இந்த ஒரு வரிய அதே கோர்ட்ல சொல்லி மாத்திக்கிட முடியாதா சார்?"

"மாத்தலாம்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் ஜீவனாம்சம் ஜாஸ்தின்னு மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போறாராம். கேஸ் கட்டு மேல போயிரும். இனி நாமளும் அங்கன போய்த்தான் கேக்கணும்."

வீட்டுக்காரர் என்ற சொல்லைத் திருத்த நினைத்தேன். வக்கீல் பேச்சை நிறுத்தவில்லை. அப்பீல் என்று போனால் மகனையும் சேர்த்துக் கேட்கலாம், தொகையைக் கூட்டியும் கேட்கலாம் என்றார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும் என்றேன். "ஒரு வரிக்கு அப்பீலா?" என்று சிரித்துவிட்டு, அதையே எழுதித் தந்தார்.

தீர்ப்பின் நகல் கைக்கு வரவே மழைக்காலம் முடிந்துவிட்டது. பிறகு அவருக்கு நோட்டீஸ் போனது. வீடு பூட்டிக் கிடந்தது என்று திரும்பி வந்தது. அந்த மாதமும் இரண்டு ஞாயிறும் அவரை நேருக்கு நேர் பார்த்து மகளை ஒப்படைத்திருந்தேன்.

"சார், அவர் ஊர்லதான் இருக்காரு. நான் பார்த்தேன்."

"நீங்க பார்த்தது செல்லாதும்மா. நோட்டீஸ் போய்ச் சேரணும்."

"அவரோட அப்பீலுக்கு அவருக்கு வக்கீல் இருக்காருல்ல? அவர்ட்டயே குடுத்தா என்ன?"

"அவரோட அப்பீல் நம்பருக்குத்தான் வக்காலத்து, நம்ம அப்பீல் நம்பருக்கு இல்லைங்காரு."

ஒரே ஆள், ஒரே பிள்ளைகள், ஒரே தீர்ப்பு. ஆனால் இரண்டு நம்பர். வக்கீல் அறையை விட்டு இறங்கி வரும்போது வாய்விட்டுத் திட்டினேன். வாசலில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நேராகப் பிள்ளைகளின் அப்பாவிடமே கேட்டுவிடலாம் என்று ஒரு மூன்றாம் ஞாயிறன்று பேருந்து நிலையத்தில் அவரை நிறுத்தினேன்.

"ஒரு ஞாயிறு ரெண்டு பேரையும் நான் வச்சுக்கிடுதேன். அடுத்த ஞாயிறு ரெண்டு பேரையும் நீங்க வச்சுக்கோங்க. இதுல யாருக்கு என்ன நட்டம்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வக்கீல் சொல்லியிருக்காரு. ஆர்டர்ல உள்ளபடிதான் நடக்கணும்னு. தாண்டி எது செஞ்சாலும் என் அப்பீலுக்கு ஆகாதாம்."

"பிள்ளைக ஏங்குதுகள்ல?"

"எல்லாத்தையும் கோர்ட்லயே சொல்லு."

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வழக்கறிஞர்களின் நீதிமன்றப் புறக்கணிப்பு. கோடை விடுமுறை. இரண்டு அப்பீலையும் சேர்த்தே கேட்போம் என்று ஒரு நீதிபதி சொன்னார். அதோடு என் ஒரு வரி அவருடைய ஜீவனாம்சக் கணக்கின் வாலைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று. அவருடைய கம்பெனி சம்பளச் சான்று தரவில்லை என்று வாய்தா. தந்த சான்று சரியில்லை என்று வாய்தா. எல்லாம் முடிந்து வாதத்துக்கு வந்தபோது நீதிபதிக்கு மாறுதல் வந்துவிட்டது. புதியவர் கேஸ் கட்டை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார்கள்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் விடுப்பு கேட்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அச்சகத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. விஸ்வநத்தம் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து ஆட்கள் லேபிளுக்காக வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

"சீசன் நேரத்துல இப்படி லீவு கேக்கீகளேம்மா. அப்படி என்னதான் கேஸு? சொத்தா?" என்று மேலாளர் ஒருநாள் கேட்டார்.

"அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து விளையாடணும்னு கேஸு சார்" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேருந்து நிலையத்திலும் நிலைமை மாறிக்கொண்டே வந்தது. முதலில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவள், பிறகு கை மட்டும் காட்டினாள். அவனும் முன்பெல்லாம் தங்கைக்கு என்று எதையாவது பையில் வைத்திருப்பான், அது நின்றுபோனது. உயரமாகிவிட்டான், குரல் உடைந்துவிட்டது. ஒருமுறை இருவரும் எதிரெதிரே நடந்து வந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமலே கடந்து, அவரவர் போக வேண்டிய ஆளிடம் வந்து நின்றார்கள். அன்று பேருந்தில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வாய்தாவுக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். வந்தது அழுகை இல்லை. ஆத்திரம்.

கடைசியில் கேஸ் எடுக்கப்பட்ட நாளில் புதிய நீதிபதி, ஒரு பெண்மணி, தீர்ப்பின் அந்தப் பக்கத்தைப் புரட்டி இரண்டு முறை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ இந்த ரெண்டு பிள்ளைகளும் எப்போ ஒண்ணா இருப்பாங்க?"

பிள்ளைகளின் அப்பா பக்கம் அவருடைய வக்கீல் குனிந்து ஏதோ கேட்டார். அவர் தலையாட்டினார். வக்கீல் நிமிர்ந்து, "இதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்.

அவ்வளவுதான். முதல் ஞாயிறு இரண்டு பேரும் தாயிடம், மூன்றாம் ஞாயிறு இரண்டு பேரும் தகப்பனிடம் என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். ஜீவனாம்சத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். எங்கள் பெயரை அடுத்து வேறு யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். வெளியே வந்ததும் என் வக்கீல், "ஜெயிச்சிட்டோம்மா" என்றார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது, சட்டையைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது. ஆட்சேபணை இல்லை என்ற இரண்டு சொல்லைப் பிள்ளைகளின் அப்பா பேருந்து நிலையத்திலேயே சொல்லியிருக்கலாம். அதற்குள் மகளுக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்துகொண்டிருந்தது.

தீர்ப்புக்குப் பிந்திய முதல் ஞாயிறு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான்; அவன் வரும் நாளில் தங்கையும் வீட்டில் இருந்தது அன்றுதான் முதல்முறை. காலையிலேயே அவள் கூடத்தைப் பெருக்கி, நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தாள். வாசலில் அவன் செருப்பைக் கழற்றும்போது, "வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் அதை வாங்கிக்கொண்டு, "எந்த ஸ்கூல்ல படிக்கிறே?" என்று கேட்டான். நான் அடுப்படிக்குள் போய், வெங்காயம் எதுவும் நறுக்காமலே கொஞ்ச நேரம் நின்றேன்.

சாப்பிட்டு முடித்து மூன்று பேரும் டிவி பார்த்தோம். அவர்கள் ஆளுக்கொரு ஓரத்தில் இருந்தார்கள். அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கடுத்த மாதமா, அதற்கும் பிறகா என்று நினைவில்லை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. அவன் கிரிக்கெட் வைத்திருக்கிறான், இவள் ரிமோட்டைப் பிடுங்கியிருக்கிறாள், அவன் இவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டான்.

"ஏலே, குடுலே!" என்று அவள் கத்தினாள். மரியாதை எல்லாம் போய்விட்டது.

எழுந்துபோய் விலக்கிவிட வேண்டும். நான் போகவில்லை. மடித்த துணியை உதறி மறுபடி மடித்தேன். சண்டை முடிவதற்குள் சாத்தூருக்குப் பேருந்து நேரம் ஆகிவிட்டது. அவள் அழுகையோடு, "அடுத்த ஞாயிறும் அண்ணன இங்கனயே இருக்கச் சொல்லும்மா" என்றாள். அதற்கு ஆர்டரில் இடமில்லை என்று எப்படிச் சொல்வது? அவன் பையை எடுத்து மாட்டிவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு முன்னால் நடந்தேன்.