எவால்ட் நம்பாத பெட்டி

எவால்ட் ஷிமுரா கடையில் ரொட்டி வாங்கினால் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்த பிறகுதான் பைக்குள் போடுவார். தேவாலய மணி அடித்தால் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மணி அடித்தவர் மேல்தான் சந்தேகம். ரிப்னிக் ஊரின் ஓரத்தில் இருந்த அந்தத் தெரு முழுக்க இதைச் சொல்லிச் சிரிக்கும். சிரிக்காதவர் பக்கத்து வீட்டு அலோய்ஸ் ஒருவர்தான். இருவரும் ஒரே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். வாலிபத்தில் ஒருநாள் மேற்பார்வையாளர் கையிலிருந்த விஷவாயு காட்டும் கருவியைப் பார்த்துவிட்டு, "காத்து சுத்தமா இருக்கு, இறங்குங்கப்பா" என்றார். இறங்கியவர்களில் இரண்டு பேர் பிணமாகத்தான் மேலே வந்தார்கள். கருவியில் பழுது. மயங்கிக் கிடந்த எவால்டை அலோய்ஸ்தான் காலைப் பிடித்து இழுத்து வந்தார். அன்றிலிருந்து எவால்ட் எந்த மனிதன் வாக்கையும் எந்தக் கருவியின் முள்ளையும் நம்பியதில்லை.

அவர் நம்பியது தன் வீட்டு நிலவறையில் இருந்த நிலக்கரி உலையை மட்டும்தான். கரியைப் போட்டால் எரியும், போடாவிட்டால் அணையும். அதில் ஏமாற்ற ஒன்றுமில்லை. பனிக்காலத்தில் காலை காப்பியைக்கூட உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடிப்பார்.

ஆனால் அவர் மனைவி கிசேலாவின் நெஞ்சில் இருமல் கூடு கட்டிவிட்டது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்குவாள். வீட்டுக்குள் கரிப்புகை கூடவே கூடாது என்றார் மருத்துவர்.

"உலையை எடுத்துட்டு ஹீட் பம்ப் போடச் சொல்லிட்டேன்" என்றாள் கிசேலா ஒருநாள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே.

"யாரைக் கேட்டு?"

"என் நெஞ்சைக் கேட்டு."

"வெளியில பனி கொட்டுது. அந்தக் காத்துலேருந்து சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள்ள விடுமாம். இதை நம்பச் சொல்றியா? உன் தலையில எவனோ மிளகாய் அரைச்சிருக்கான்."

"நீ நம்ப வேண்டாம். குறுக்கே நிக்காம இருந்தா போதும்."

அவர் குறுக்கே நிற்கவில்லை, கூடவே நின்றார். பம்பு பொருத்த வந்த நிகோடெம் எந்தத் திருகைத் திருகினாலும் தோளுக்குப் பின்னால் எவால்டின் மூச்சுச் சத்தம் கேட்டது. பழைய உலையைத் துண்டு துண்டாக வெளியே எடுத்துப் போனபோது, செப்புக் குழாயை எவனாவது திருடிவிடுவான் என்று வண்டியருகே காவலுக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில்தான் நிகோடெம் கூரைமேல் ஏறி, இனி தேவையில்லாத புகைபோக்கியின் வாயை மழைத்தண்ணீர் இறங்காதபடி தகடு வைத்து மூடினான். இறங்கி வந்து சொல்லவும் செய்தான். எவால்ட் குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தச் சின்ன இரும்பு அடுப்பையும் எடுத்துரட்டுமா?" என்று கேட்டான் நிகோடெம். நிலவறை மூலையில், முன்பு துணி வெளுக்கத் தண்ணீர் கொதிக்க வைத்த அடுப்பு அது. அதன் புகையும் அதே புகைபோக்கி வழியாகத்தான் போகும்.

"அதைத் தொடாதே. உன் மெஷின் படுத்துக்கிச்சுன்னா நீயா வந்து என் வீட்டைச் சூடாக்குவே?"

போகும்போது நிகோடெம், அடுப்பு இருக்கும்வரை இதுவும் இருக்கட்டும் என்று, படுக்கையறைச் சுவரில் கைக்கடக்கமான ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினான். விஷவாயு வந்தால் அலறுமாம். கரியே எரியாத வீட்டில் இது எதற்கு? ஒட்டுக்கேட்கத்தான் இருக்கும் என்று எவால்டுக்குத் தோன்றியது. மறுநாளே கழற்றி, பழைய சாக்கில் சுற்றி, கார் கொட்டகையில் போட்டுவிட்டார்.

வீடு சூடாகத்தான் இருந்தது. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை. அறைக்கு அறை வெப்பமானி தொங்கவிட்டார். எல்லாம் ஒரே அளவு காட்டின. எல்லாமே ஒரே கடையில் வாங்கியவை என்பது நினைவுக்கு வந்தது.

ஜனவரியில் பனி இறுகியது. ஒரு மதியம் கிசேலா சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். எவால்ட் சன்னல் வழியே பார்த்தபோது தோட்டத்தில் வைத்திருந்த ஹீட் பம்ப் இயந்திரத்தின் விசிறி நின்றுபோயிருந்தது. அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் புகை மாதிரி ஏதோ குபுகுபுவென்று கிளம்பியது.

"பத்திக்கிச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார். மனதுக்குள் ஓர் ஓரத்தில் சந்தோஷமும் இருந்தது. நான் சொன்னேனா இல்லையா?

வீடு குளிரக்கூடாதே என்று நிலவறைக்கு இறங்கி, மிச்சமிருந்த கரியை இரும்பு அடுப்பில் போட்டுப் பற்றவைத்தார். புகை கொஞ்சம் திரும்பி வந்தது. குளிர்ந்து கிடந்த புகைபோக்கி, சூடானால் இழுத்துக்கொள்ளும் என்று நினைத்தார். நிலவறைக் கதவைச் சாத்திவிட்டு, எரிந்துபோன இயந்திரத்தைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனார். அது எரியவே இல்லை. அடியில் உருகிய பனித்தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தது. குனிந்து முகர்ந்தார். கருகிய வாடையே இல்லை. ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

முதுகை நிமிர்த்தியபோது கண் தற்செயலாகக் கூரைக்குப் போனது. அலோய்ஸ் வீட்டுப் புகைபோக்கியில் புகை கறுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. தன் வீட்டுப் புகைபோக்கியில் ஒன்றுமில்லை. கீழே அடுப்பு எரிகிறது, மேலே புகை இல்லை.

அப்படியானால் அந்தப் புகை எங்கே போகிறது?

பழைய குழாய்களைப் பிடுங்கிய ஓட்டைகள் நிலவறைக் கூரையில் இன்னும் பூசாமல் கிடந்தன. அவற்றுக்கு நேர் மேலே கிசேலா படுத்திருந்த படுக்கையறை.

அவர் ஓடினார். கிசேலாவை உலுக்கினார்; கண் திறக்கவில்லை. கன்னம் சிவந்திருந்தது. சுரங்கத்தில் அந்த இருவரின் கன்னமும் அப்படித்தான் சிவந்திருந்தது. போர்வையோடு வாரி இழுத்து வந்து பனியில் கிடத்தினார். "அலோய்ஸ்! டேய் அலோய்ஸ்!" என்ற கூப்பாடு தெருமுனை வரை கேட்டது.

ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது. கிசேலா பிழைத்தாள். மருத்துவமனையில் முகத்திலிருந்த ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

"சுவத்துல அந்தப் பெட்டி மாட்டியிருந்தானே. அது ஏன் கத்தலை?"

"நான்தான் கழட்டிட்டேன்."

"ஏன்?"

"நாம பேசறதை யாரோ கேக்கறாங்கன்னு நெனச்சேன்."

 "நாம என்னத்தைப் பேசறோம் எவால்ட்? சூப்புல உப்பு இருக்கா இல்லையான்னுதானே பேசறோம்?" சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  அன்று முழுக்க அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியைவிட்டு எழவில்லை.

நிகோடெம் வந்து இயந்திரத்தைப் பார்த்தான். பழுது எதுவும் இல்லை. குளிர் கடுமையானால் தன்மேல் படிந்த பனியைத் தானே உருக்கிக்கொள்ளுமாம். அப்போது விசிறி நிற்குமாம், ஆவி பறக்குமாம்.

"இதை ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"சொன்னேன் ஐயா. நீங்க என் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க, நான் சொன்னதைக் கேக்கலை."

எவால்ட் நிலவறைக்கு இறங்கினார். இரும்பு அடுப்பைத் தானே கழற்றித் தெருவில் வைத்தார். குழாய் ஓட்டைகளைச் சிமெண்டால் பூசி, காய்ந்த பிறகு ஒவ்வொன்றின்மேலும் மெழுகுவர்த்தியைப் பிடித்து, சுடர் அசைகிறதா என்று பார்த்தார்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குப் போகும் மேட்டில் கிசேலா எங்கும் நிற்காமல் ஏறினாள். எவால்ட் இரண்டடி பின்னாலேயே, காதைத் தீட்டிக்கொண்டு போனார்.

"மூச்சை அடக்கிக்கிட்டு ஏர்றியா?"

"இல்லையே."

"எனக்காக நடிக்கறியா?"

"உனக்காகவா? போய்யா" என்று சொல்லிவிட்டு அவள் வேகத்தைக் கூட்டினாள். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.