வீரய்யா வெட்டிய கான்

ஹந்தானைத் தேயிலை மலையில் இருபத்தெட்டு வருடம் வடிகால் கான் வெட்டிய வீரய்யாவுக்குத் தேங்கி நிற்கும் தண்ணீரைக் கண்டாலே கை அரிக்கும். தேயிலையின் வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. சரிவு பார்த்து, கயிறு பிடித்து, தண்ணீர் சத்தமில்லாமல் நழுவிப்போகும்படி மண்ணை வெட்டிவிட வேண்டும். அவர் வெட்டிய கானைக் காட்டித்தான் கங்காணி மற்றவர்களை ஏசுவார்.

அப்பேர்ப்பட்டவரைக் குண்டசாலைக்கு அப்பால், குளக்கரைச் சதுப்புக் காடொன்றுக்குக் காவலாளியாகப் போட்டார்கள். யாருடைய யோசனை என்று கேட்கக் கூடாது. காட்டை நல்லபடி வைத்திருக்க வேண்டும் என்று கடிதம் சொன்னது. எது நல்லபடி என்று அது சொல்லவில்லை.

காடு இரண்டு ஏக்கர்தான். அந்தப் பக்கத்தில் வேறெங்கும் காணாத மரம் நாற்பத்தொன்று. அதன் வேர்கள் மடக்கிய முழங்கால்களைப்போலத் தண்ணீருக்கு மேலே எழும்பி மூச்சு வாங்கும். வேரிடுக்கில் மீன்குஞ்சு, மீன்குஞ்சைத் தேடி நீர்நாய், நீர்நாய் மிச்சம் வைத்ததைத் தேடிக் கபரகொய்யா என்கிற நீர் உடும்பு. குடித்தனமெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் அத்தனையும் கிழட்டு மரங்கள். பேருக்கு ஒரு கன்றில்லை. ஏனென்று ஆராய ஒரு குழு இருந்தது. அது மூன்று முறை கூடி, நான்காவது கூட்டத்துக்குத் தேதி குறித்திருந்தது.

வீரய்யாவுக்கு இடம் ஒட்டிக்கொண்டது. கொழுந்து நிறுப்பதில்லை, விசில் இல்லை, மேற்பார்வைக்கு ஒரு மீன்கொத்தி மட்டும். இந்த வேலை போனால் திரும்பவும் மலைதான். அதை நினைத்தாலே அவருக்கு முதுகு வலித்தது. ஆகவே காட்டுக்கு ஏதாவது நன்மை செய்யத் தீர்மானித்தார். காய்கள் உதிர்ந்து மிதந்துகொண்டிருந்த நாட்களில், கீழே ஓடும் ஓடைவரை நாற்பது அடி நீளத்துக்கு ஒரு கான் வெட்டினார். வாழ்நாளிலேயே சிறந்த கான். தண்ணீர் மெல்ல மெல்ல வடிந்து, தரை சேறாகப் பளபளத்தது.

ஒரு மாத லீவு முடிந்து வந்த ஆராய்ச்சிக்காரி ஜஹானா தலையில் கை வைத்தாள்.

"வீரய்யா அண்ணன்! இது எனத்த செஞ்சீக்கிறீங்க?"

"கான், மிஸ். எப்பிடி ஓடுது பாருங்க!"

"இது தேயிலத் தோட்டமா? இந்த மரம் தண்ணிலதான் நிக்கணும்!"

"பாவம், கால மடக்கிக்கிட்டு நின்னுச்சுங்களே மிஸ்…"

"வெள்ளிக்கிழம குழு வருது. காடு பட்டுப்போனா ஒங்கட வேலயும் போகும்."

அன்று இருவரும் கானையே பார்த்தார்கள். சேற்றைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் மனைவி கலாராணி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மலையில வெட்டுனது பத்தலயாக்கும்? சாமானக் கட்டவா?" என்றாள்.

"கட்டாத. காலையில போய் அடைச்சிருவேன்."

கல்லும் புல்கட்டியும் போட்டு அடைத்தார். தண்ணீர் அவசரப்படாமல் ஏறியது. வெள்ளிக்கிழமை கணுக்கால்வரை வந்திருந்தபோது, ஏழு பேர், இரண்டு குடையோடு குழு வந்தது. அடைத்த இடத்தின்மேல் வீரய்யா காலை அகட்டி நின்றார். குழுத் தலைவர் ரஸீன் அவரைச் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

முழங்கால் வேர்களுக்கிடையே, தண்ணீருக்கு மேல் தலை நீட்டி, ஆளுக்கு இரண்டு இலையோடு சாண் உயரக் கன்றுகள். ஜஹானா குந்தி எண்ணினாள், முந்நூறோடு விட்டுவிட்டாள்.

"படம் புடிக்க வாற ஆக்களுக்காக வருசம் பூரா கொளத்த நெறச்சே வெச்சீந்தாங்க சேர். வெத மெதந்தே அழுகிட்டு. இப்பதான் சேத்துல ஒக்காந்து வேர் உட்டீக்கி" என்றாள் ரஸீனிடம்.

"அப்ப ஆரு தண்ணிய எறக்கின?" என்றார் ரஸீன்.

ஜஹானா வாயைத் திறக்குமுன் வீரய்யா முந்திக்கொண்டார். "நான்தாங்க. தெரியாம கான் வெட்டிட்டேன்."

ரஸீன் கன்றுகளைப் பார்த்தார், வீரய்யாவைப் பார்த்தார், எழுதுகிறவரைப் பார்த்தார். "பரீட்சார்த்த நீரிறக்கம் எண்டு எழுதுங்க. 'தெரியாம'வ உட்டுருங்க."

இப்போது வருடாவருடம் காய் உதிரும் காலத்தில் முத்திரை வைத்த கடிதம் வருகிறது: வெட்டுக, ஒரு மாதத்தில் அடைக்க. வீரய்யா கயிறு பிடித்து வெட்டுகிறார், பிறகு தாமே அடைக்கிறார்.

"அதே கான வெட்டி வெட்டி மூடுறதுக்கு ஒரு உத்தியோகமா?" என்கிறாள் சோறு கொண்டுவரும் கலாராணி.

"ஒனக்குப் புரியாது. பொறுப்பான வேல" என்றபடி அவர் பிளாஸ்டிக் கதிரையிலிருந்து எழுந்து, கன்றுகளை மிதிக்க வந்த கபரகொய்யாவை, "அந்தப் பக்கமா போங்க" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்புகிறார்.