கருவிக்கு நெற்றி எது

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேஸ் அடுப்பின் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்தது. ஒரு பக்கம் எரியவில்லை. நான் ஊக்கை எடுத்தேன்.

"குத்தாத விஜி. ஓட்டை பெருசாயிடும். மொதல்ல ஊதிப் பாரு."

எந்தத் துளையையும் அவர் முதலில் ஊதித்தான் பார்ப்பார். அதற்குக் காரணம் உண்டு.

அப்பா நாகப்பன், திருமழிசையில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் டெக்னீஷியன். ஒப்பந்த வேலை. பச்சிளங்குழந்தைகளுக்கு மூச்சு தரும் கருவிக்கு ஜெர்மனியிலிருந்து வரைபடம் வரும், ஜப்பானிலிருந்து சென்சார் வரும். இரண்டையும் வைத்து மாதிரிக் கருவியைப் பொருத்தி அப்பா ஜெர்மனிக்கு அனுப்புவார்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் ஆயுத பூஜையன்று, எல்லா மெஷின்களோடும் சேர்த்து முதல் மாதிரிக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். பேக் செய்யும்போது துடைத்தும் விட்டார். ஜெர்மனியில் அது அழுத்தத்தைத் தப்பாகக் காட்டியது. பழி ஜப்பான்காரர்களின் சென்சார் மேல் போனது. வீடியோ கூட்டத்தில் எல்கே என்ற ஜெர்மன் பொறியாளர் கருவியைத் திருப்பிக் காட்டியபோதுதான் அப்பா கவனித்தார். அவர் பொட்டு வைத்த இடத்தில் ஒரு காற்றுத் துளை.

பேசாமல் இருந்திருக்கலாம். ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம். என் கல்லூரிக் கட்டணம் வேறு. பக்கத்தில் இருந்த மேலாளர் ராகவன் சாரிடம் சொன்னார்.

"சார், சென்சார் நல்லாதான் கீது. ஓட்டைக்குள்ள சந்தனம். நான் வச்சது."

ராகவன் சார் பூஜையையும் பொட்டையும் விளக்கி மொழிபெயர்த்தார். எல்கே துளையில் ஊதினார். மஞ்சள் தூள் பறந்தது. பிறகு எல்கே, வழக்கமாகப் பொட்டை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார்.

"நெத்தியிலதான். இதுக்கு நெத்தி எதுன்னு அவங்களே சொல்லட்டும் சார்."

வேலை போகவில்லை. அடுத்த வரைபடத்தில், முன்பக்கத்தின் மேலே ஒரு சிறு வட்டம் இருந்தது. துளை இல்லை, திருகு இல்லை. நானும் இப்போது பொறியாளர்தான். எந்த வேலையும் செய்யாத ஒரு வட்டத்தை வேறு எந்த வரைபடத்திலும் பார்த்ததில்லை.

இந்த முறை புதிய மாதிரியை ஜெர்மனியிலேயே பொருத்துகிறார்கள். வட்டத்தில் வைக்கக் குங்குமம் அனுப்பும்படி எல்கே கேட்டிருந்தார். சாயந்தரம் பூந்தமல்லி போய் வாங்க வேண்டும், நாளைக்குத் தபாலில் போட வேண்டும் என்று பர்னரை மாட்டியபடியே அப்பா சொன்னார். மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் ராகவன் சார் வந்தார். மாதிரி தயாராம். பொட்டு வைக்காமல் இயக்க மாட்டேன் என்று எல்கே நிறுத்தி வைத்திருக்கிறாராம்.

அம்மா உள்ளே போய்த் தன் குங்குமச் சிமிழை எடுத்துவந்தாள்.

"இத்தையே அனுப்பு. எனக்கு இனிமே எதுக்கு?"

சிமிழைத் திறந்து அவள் நெற்றியில் வைத்துவிட்டு, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அவர்களுக்கு நான் தனியாக வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

பூந்தமல்லிக்கு இன்னும் போகவில்லை.