பெரிய ஓட்டைப் பை

பக்கிரிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. சோற்றுப்பானை மூடி ஒரு விரற்கடை விலகியிருந்தால் போதும், "யாரு தொறந்தது?" என்று ஆரம்பித்துவிடுவார். பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை இறங்குகிற வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "எங்க ஊட்டுக்காரரு தன் நெழலக்கூட ரெண்டு தபா திரும்பிப் பாத்துட்டுத்தான் நடப்பாரு" என்று அவர் பெண்சாதி முத்தம்மாள் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கலாம்தான். ஆனால் அந்த மனுஷன் பட்ட அடியை யாராவது பட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

2004-இல் அவர் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் காவலுக்கு இருந்தார். தோப்புக்காரர் கடலூரில் வக்கீல். காலில் மண் ஒட்டினால் கைக்குட்டையால் துடைக்கிற ஆள். கோடையில் உதிர்ந்த முந்திரிச் சருகையெல்லாம் கூட்டி, எருவுக்காக ஆள் உயரத்துக்கு மேல் குவித்து வைக்கச் சொன்னார். மழைக்காலம் முடிந்து காரில் வந்து பார்த்தபோது குவியல் இடுப்பளவுகூட இல்லை.

"மீதிய எவன்கிட்ட வித்த?"

"மழைக்கு அமுங்கிடுச்சிங்க."

"அமுங்கினா பாதியாவா அமுங்கும்? யார்கிட்ட கதை விடுற?"

களை வெட்ட வந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் திருடன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பக்கிரிக்கு வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒரு சொல்தான் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. இதில் கொடுமை என்னவென்றால், அமுங்கிவிட்டது என்று தான் சொன்னதை அவரே நம்பவில்லை. குப்பை அமுங்கும், சரி. பாதிக்குப் பாதி எப்படிப் போகும்? எவனோ ராவோடு ராவாக வாரிக்கொண்டு போயிருக்கிறான். அந்தத் தோப்புக்கு மாட்டுவண்டி கொண்டுவந்தவன் ஒருத்தன்தான். முத்தம்மாளின் தம்பி சாமிக்கண்ணு.

கேட்கவில்லை. கேட்டால் குடும்பம் ரெண்டாகிவிடும். சாமிக்கண்ணு வாசலுக்கு வந்தால் "வா மச்சான், உக்காரு" என்பார். உள்ளே மட்டும் புகைந்துகொண்டே இருந்தது.

2009 கார்த்திகையில் வெண்மதி வந்தாள். சிதம்பரத்தில் ஆராய்ச்சி படிக்கிற பெண். சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே வெள்ளாற்றில் போய் விழுகிற ஓடையில், சவுக்கு முளை அடித்து, நைலான் வலைப் பைகளைக் கட்டித் தொங்கவிட்டாள். பைக்குள் இருந்தது என்ன தெரியுமா? உதிர்ந்த பூவரசு இலை! சில பைகளின் கண்ணி விரல் நுழைகிற அளவுக்குப் பெரிது, சிலவற்றில் கொசுகூட நுழையாது. கொஞ்சம் பைகளைக் கரை மண்ணிலும் புதைத்தாள். ஓடைக்கரையில் குடியிருந்த பக்கிரியைக் காவலுக்கு வைத்தாள்.

"ஐயா, ஆடு மாடு, சின்னப் பசங்க, யாரும் தொடாம பாத்துக்குங்க. அப்பப்ப வந்து நாலு பைய எடுத்துட்டுப் போயி காயவெச்சு எடை போடுவேன்."

எடை என்றதுமே பக்கிரி பைகளை ஒன்றுவிடாமல் எண்ணி வைத்துக்கொண்டார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு பையைத் தூக்கிப் பார்த்தார். பெரிய ஓட்டைப் பையில் இலை குறைந்திருந்தது. பக்கத்திலேயே, அதே தண்ணீரில் கிடந்த சின்ன ஓட்டைப் பை அப்படியே உப்பலாக இருந்தது. அழுகினால் ரெண்டும்தானே அழுக வேண்டும்? ஒன்று மட்டும் குறைந்தால் அது கைவேலை. இல்லாவிட்டால் வாய்வேலை. பூவரசு இலை என்றால் உயிரை விடுவது ஆடு. அந்தக் கரையில் ஆடு மேய்ப்பவன் யார்? வண்டியை விற்றுவிட்டு ஆடு வாங்கியிருந்த சாமிக்கண்ணு!

"உன் தம்பி மறுபடியும் என் பொழப்புல கை வெச்சிட்டான்" என்றார் முத்தம்மாளிடம்.

"யோவ், ஊறி நாறுன எலைய எவன்யா திருடுவான்? உனக்குப் புத்தி கித்தி பெரண்டுபோச்சா?"

"சருகத் திருடுனவன் எலையத் திருட மாட்டானா?"

அவளுக்கு முகம் இருண்டுவிட்டது. "இத்தன வருசமா இதத்தான் நெஞ்சுல வெச்சிருந்தியா?" என்று கேட்டவள், அதற்கப்புறம் அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். தட்டு வரும், சோறு வரும், பேச்சு வராது.

பக்கிரி அதற்கும் அசையவில்லை. இன்னொரு தரம் திருடன் என்ற பேச்சை வாங்க அவர் உடம்பில் தெம்பு இல்லை. கரையில் உதிர்ந்த பூவரசு இலையாகப் பார்த்துப் பொறுக்கினார். கோணி ஊசியால் பையின் தையலைப் பிரித்து, குறைந்த அளவுக்கு இலையை அடைத்து, முன்போலவே தைத்து முளையில் கட்டினார். மண்ணில் புதைத்த பைகளையும் தோண்டிப் பார்த்து நிரப்பினார். வெண்மதி வந்து எடுத்துப் போகும்போதெல்லாம் பைகள் கொழுகொழுவென்று இருந்தன. அவருக்கு அன்றைக்குத்தான் தூக்கம் வரும்.

தை கடைசியில் வெண்மதி வந்தபோது கண் ரெண்டும் வீங்கிச் சிவந்திருந்தது. "கணக்கு தப்பா வருதுய்யா. நானே மாத்தி எழுதிட்டேன்னு சார் சந்தேகப்படுறாரு. நாளைக்கு அவரே வராரு. அவர் நம்பலன்னா என் படிப்பு இதோட சரி."

'வந்துவிட்டது' என்று நினைத்துக்கொண்டார் பக்கிரி. அவள் படிப்பு போகுமே என்றுகூட முதலில் தோன்றவில்லை. அடுத்து நம் தலையில்தான் விடியும் என்றுதான் தோன்றியது.

மறுநாள் பேராசிரியர் சார்லஸ் வந்தார். ஒல்லியான மனுஷன், குரல் மட்டும் கனம். ஓடைக்கரையில் நின்றுகொண்டே ஆரம்பித்தார்.

"போன தபா எடுத்த பையவிட இந்தத் தபா எல ஜாஸ்தி. அது எப்படிம்மா? ஓடையில எல குட்டி போடுதா? இல்ல, நீ பேனாவுல போட்டியா?"

வெண்மதி எடை எழுதிய நோட்டை அவரிடம் நீட்டினாள்.

குறைச்சல் என்ற சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த பக்கிரிக்கு, ஜாஸ்தி என்று கேட்டதும் உச்சி குளிர்ந்துவிட்டது. மார்பை நிமிர்த்தி முன்னால் வந்தார்.

"அதுக்கு நான்தான் சார் பொறுப்பு! ஒரு எல கொறய வுடல. திருட்டுப்பய ஒருத்தன் எடுத்துக்கிட்டே இருந்தான். அவன் எடுக்க எடுக்க நானே பொறுக்கிப் போட்டு நெப்பி வெச்சேன்!"

வெண்மதி அப்படியே கரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ரெண்டும்தான் போல. சார்லஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிச்சிக்கம்மா. நான் உன்னச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது" என்றார். பிறகு பக்கிரியிடம் திரும்பினார்.

"யாரும் திருடலைங்க. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை, கிருமியெல்லாம் தண்ணியிலயும் மண்ணுலயும் கெடக்கு. அதுங்க மொதல்ல எலய ஊறவெச்சு இளக்கும். அப்புறம் புழு பூச்சி வந்து கொறிக்கும். சின்ன ஓட்டையில பூச்சி நொழைய முடியாது, கிருமி மட்டும் மெல்லத் திங்கும். எந்த அளவுக்குக் கொறயுதுன்னு பாக்கத்தான் இந்தப் புள்ள பையே கட்டுச்சு."

பக்கிரிக்கு முகத்தில் ரத்தம் இல்லை. மெல்லக் கேட்டார்.

"சார், முந்திரிச் சருகக் குமிச்சு வெச்சாலும் இப்படித்தானா?"

"மழ பட்டா உள்ள சூடேறி, அதே கிருமிங்க தின்னு தீத்துடும். பாதியாவும். வுட்டா இன்னும் எறங்கும்."

ஐயோ, திருடனே கிடையாதா! இல்லாத திருடனுக்காக ஒரு வேலை போய், ஒரு பெயர் போய், மச்சானுக்கு மனசாரத் தண்ணீர் கொடுக்காமல் இத்தனை வருஷம் போய்விட்டதே! அவருக்கு வக்கீல் மேல் வந்த கோபம் பாதி வழியிலேயே திரும்பித் தன் மேல் விழுந்தது.

"மழக்காலம் முழுக்க வீணாப் போச்சுய்யா. மறுபடி மொதல்லேருந்து போடணும்" என்றாள் வெண்மதி. "காவலுக்கு நீங்களே இருங்க. ஆனா அந்தத் திருடன் வந்தா கையக் கட்டிக்கிட்டு உக்காந்துக்குங்க."

பக்கிரி அங்கிருந்து நேராகச் சாமிக்கண்ணு வீட்டுக்குத்தான் போனார். அவன் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தான். பக்கிரி உட்காரக்கூட இல்லை. எல்லாவற்றையும் சொன்னார். வக்கீல் தோப்புச் சருகை வண்டியில் ஏற்றியது நீதான் என்று நினைத்திருந்ததை, கடைசியாக, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

சாமிக்கண்ணு கயிற்றைக் கீழே போட்டுவிட்டான்.

"அப்ப நீ விக்கலியா மாமா?" என்றான். "நீதான் வித்துட்டேன்னு இல்ல நான் நெனச்சிருந்தேன்? அக்கா மொகத்துக்காவ இத்தன வருசமா வாயத் தொறக்கல."