அண்ணிக்கு ஒரு தெரு

"அரியலூர்ல எந்த ஏரியாவுல தங்கினா நல்லாருக்கும்?" என்று அண்ணி புனேயிலிருந்து போனில் கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஏரியாவா? எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் ரயில்வே ஸ்டேஷன், ஒரு பக்கம் பஸ் ஸ்டாண்டு. நடுவில் கடைவீதி, கோயில், நாங்கள், பிறகு எங்களையெல்லாம் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சுண்ணாம்புக்கல் லாரிகள். இதில் எந்த ஏரியாவைச் சொல்வது?

அண்ணி விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள். லீவு விட்டால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒரு ஊருக்குப் போனால் ஓட்டல் எது என்று கேட்க மாட்டாள், தெரு எது என்று கேட்பாள். கோயில் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். காலையில் கண் விழித்ததும் ஊர்ச் சத்தம் காதில் விழ வேண்டும். காய்கறிக் கடை பக்கத்தில் இருக்க வேண்டும், இட்லி நன்றாக இருக்க வேண்டும், முடிந்தால் ஒரு திருவிழாவும் வேண்டும். லாரிச் சத்தம் மட்டும் வேண்டாமாம். அரியலூரில் லாரிச் சத்தம் இல்லாத தெரு வேண்டுமென்றால் அது ஏரிக்குள்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. அரியலூரில் அண்ணனுக்கு ஒரு வீடு இருந்தது. முற்றம், கிணறு, மாமரம் எல்லாம் வைத்த வீடு. பிறந்து வளர்ந்த அந்த வீட்டில் அவன் தங்க முடியாது. புனேயில் வேலை பார்த்த இடத்தில் ஒருத்தியைப் பிடித்துப்போய், கல்யாணத்தை முடித்துக்கொண்டு பிறகு தகவல் சொன்னவன் அவன். அன்றைக்கே அப்பா, என் வாசப்படியை அவன் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் ஊர்ப் பக்கமே தலைகாட்டவில்லை. அம்மா மட்டும் என்னைப் பார்க்கும் சாக்கில், நான் வாழ்க்கைப்பட்ட பெரம்பலூருக்கு பஸ் ஏறி வந்து, எங்கள் வீட்டு போனில் அவனோடு பேசி, அழுது, மூக்கைச் சிந்திவிட்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போவாள். இப்போது அண்ணியே, புருஷன் பிறந்த ஊரைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்று டிக்கெட்டும் எடுத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் பெரம்பலூர்க்காரர். நம் வீட்டிலேயே தங்கட்டுமே, எங்கள் ஊர் மெட்ராஸ் ரோட்டில் இருக்கிறது, ராத்திரி எந்நேரம் இறங்கினாலும் டீ கிடைக்கும் என்று ஆரம்பித்தார். விட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். எங்கள் வீட்டில் ஊர்ச்சண்டை உச்சத்தில் இருந்த காலம் அது. அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது அப்பா தன் உரக்கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அந்த மிட்டாய் கரைவதற்குள் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அன்று முழுக்க மாமனார் ஊரை நினைத்து நினைத்துச் சிரித்தார். அம்மா மட்டும் அதையே ஒரு பிடியாகப் பிடித்துக்கொண்டு, பிரித்த மாவட்டமே ஒன்றாகிவிட்டது, பெற்ற பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் என்ன என்று அப்பாவிடம் கேட்டாளாம். அதற்கு அவர், "அத கவர்மெண்டு சேத்துச்சு, நானா சேத்தேன்?" என்றாராம்.

பெரம்பலூர் வேண்டவே வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்லிவிட்டேன். என் கணக்கே வேறு. அண்ணி நல்ல தெருவாகத் தேடினாள், நான் அப்பா நடக்கிற தெருவாகத் தேடினேன். அவர் வாய்தான் அப்படி, மகனை நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஒரு வார்த்தையாவது பேசிவிடுவார் என்று எனக்கு அசையாத நம்பிக்கை. எங்கே தங்கவைத்தால் அவர் தப்பிக்க முடியாதோ அதுதான் நல்ல ஏரியா.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மாமியாரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அரியலூருக்கு பஸ் ஏறினேன். உடம்பு சரியில்லாத அம்மா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து, கையில் மல்லிகைப்பூவோடு எனக்காகக் காத்திருந்தாள். இரண்டு பேரும் குடையைப் பிடித்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி தெருத்தெருவாகப் போனோம். பிறந்ததிலிருந்து நடந்த தெருக்கள்தான். அன்றைக்கு வெளியூர்க்காரி கண்ணால் பார்த்தபோது ஒவ்வொன்றும் புதிதாகத் தெரிந்தது. எனக்கு ஒரே குஷி. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து இதையெல்லாம் பார்க்காமல் என்ன கிழித்தோம் என்று அம்மாவிடம் கேட்டேன். சோறு கிளறினோம் என்றாள்.

பஸ் ஸ்டாண்டு லாட்ஜுக்குக் கீழே ஒயின் ஷாப் இருந்தது. ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் ரூம் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு கூட்ஸ் வண்டி போய், சுவரில் மாட்டியிருந்த முருகன் படம் கோணிக்கொண்டது. கடைசியில் சிவன் கோயில் மேலவீதிக்கு வந்தோம். அம்மாவோடு வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வருகிற ஒரு அம்மாள் அங்கே இருந்தாள். பிள்ளைகள் வெளியூரில் இருந்ததால் மாடி சும்மாதான் கிடந்தது. ஜன்னலைத் திறந்தால் கோபுரம். தெருமுனையில் கீரைக்காரி, அவளுக்கு எதிரே இட்லிக் கடை. லாரி உள்ளே வர முடியாத அளவுக்குக் குறுகல். எல்லாவற்றுக்கும் மேலே, அப்பா காலையில் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு, கடைவீதியில் இருந்த தன் உரக்கடைக்கு நடக்கிற தெரு அது. அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்கார அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது, வாடகை என்ற பேச்சையே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கோயில் திருவிழாவை ஒட்டி வைகாசியில் வந்து இறங்கினார்கள். அண்ணி பேசிய தமிழைக் கேட்டு அம்மா ஆடிப்போய்விட்டாள். அண்ணனிடம் கற்றுக்கொண்ட தமிழ் அல்லவா, வீட்டை வூடு என்றுதான் சொல்வாள். மாடிக்குப் போய் ஜன்னலைத் திறந்து, கோபுரத்தைப் பார்த்து, "இந்த வூடு எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அண்ணன் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

மறுநாள் காலையில் அண்ணனைத் தலை வாரி, சட்டை மாற்றி, வாசலில் பேப்பரோடு உட்காரவைத்தேன். அப்பா வரும் நேரம் ஆயிற்று, வரவில்லை. கடைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தால் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். வேட்டியெல்லாம் வெள்ளைத் தூசி. எப்படியோ விஷயம் தெரிந்து, ஊரைச் சுற்றி லாரி ரோடு வழியாகப் போயிருக்கிறார். அடுத்த நாள் அந்தப் பக்கத்து டீக்கடையில் அண்ணனை நிறுத்தினேன். அன்றைக்கு எந்தச் சந்தில் புகுந்து போனாரோ, அந்தச் சந்து எனக்கே தெரியாது. ஊரே வேடிக்கை பார்த்தது. கீரைக்காரி என்னைப் பார்க்கும்போதெல்லாம், இன்னிக்கு எந்தப் பக்கமா போனாரு என்று கேட்டாள். நான் போட்ட கோட்டையெல்லாம் இடிந்ததில் எனக்கு அப்பா மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அண்ணி மட்டும் கலகலவென்று சிரித்து, என்னைப் போலவே உன் அப்பாவும் தினம் ஒரு புதுத் தெரு பார்க்கிறார் என்றாள்.

அவளுக்கு நேரம் போதவில்லை. கீழப்பழுவூர்க் கோயில்களைப் பார்க்கப் போய் மதியச் சாப்பாட்டையே மறந்து, தூண் தூணாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். சந்தையில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கி அங்கேயே கடித்தாள். மேலவீதியில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்துவைத்திருந்தாள். அவள் பின்னாலேயே அலைந்து எனக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது. சொந்த ஊரில் கைடு மாதிரி கையை நீட்டி நீட்டிப் பேசினேன், பாதிக்கு மேல் நானே கட்டிவிட்ட கதை.

அவர்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் ரிஷப வாகனம். அது எங்கள் குடும்பத்து உபயம். செலவு எங்களுடையது, அதனால் பரிவட்டம் கட்டிக்கொண்டு அப்பா சாமிக்கு முன்னால் நடந்து வர வேண்டும். சாமி போகிற வழியில்தான் அவரும் போயாக வேண்டும், அன்றைக்குச் சந்து கிந்தெல்லாம் கிடையாது. ஆனால் எனக்குச் சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. ஊர் கூடியிருக்கிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால், அதற்குப் பிறகு அண்ணன் இந்த ஊருக்கு வரவே மாட்டான்.

சாயங்காலம் தெருவில் எல்லாரும் வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். அண்ணி வீட்டுக்கார அம்மாளிடம் கோலமாவு வாங்கிக்கொண்டு தானும் உட்கார்ந்துவிட்டாள். புள்ளி வைக்காமல், அவள் ஊர் வழக்கப்படி மாங்காயும் மயிலுமாக வாசலை அடைத்துப் போட்டாள். தெருப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அதற்குமேல் அர்ச்சனைத் தட்டும் வேண்டும் என்றாள். தட்டோடு நின்றால் சாமியை அந்த வாசலில் நிறுத்துவார்கள். சாமி நின்றால் அப்பாவும் நிற்க வேண்டும். நமக்கு அது வேண்டாம் அண்ணி, மற்றவர்கள் கொடுக்கட்டும், நாம் கும்பிட்டுக்கொள்வோம் என்று கெஞ்சினேன்.

"தங்கியிருக்கிற வரைக்கும் இது என் தெரு இல்லியா?" என்றாள்.

தேங்காய், பழம், வெற்றிலை, பூ எல்லாம் வாங்கி வந்து நானே தட்டில் வைத்துக்கொடுத்தேன்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டது. டியூப் லைட் வெளிச்சத்தில் முதலில் அப்பாவின் பரிவட்டம் தெரிந்தது. பக்கத்தில் நின்ற அண்ணனைத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். புனேயில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவன், அப்பா தலையைப் பார்த்ததும் மாடிக்கு ஓடிவிட்டான்! ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. அம்மா சாமிக்குப் பின்னால் பெண்கள் கூட்டத்தில் வந்துகொண்டிருந்தாள். வாசலில் அண்ணியும் நானும் மட்டும்தான்.

தட்டைப் பார்த்துச் சாமியைத் தூக்கியவர்கள் நின்றார்கள். அப்பாவும் நின்றார். கோலத்தைப் பார்த்தார். பிறகு நாகஸ்வரக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். குருக்கள் தட்டை வாங்கி, யார் பேருக்கு என்று கேட்டார். அண்ணி அண்ணன் பேரைச் சொன்னாள். குருக்களுக்கு எங்கள் கதை தெரியாதா என்ன? ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் கேட்டார். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், நாகஸ்வரக்காரரைப் பார்த்தபடியே, "அனுஷம்" என்றார் அப்பா.

குருக்கள் அண்ணியின் பேரைக் கேட்டார், சொன்னாள். நட்சத்திரத்தைக் கேட்டார், அவளுக்குத் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் யாருக்கும் ஜாதகமே எழுதுவதில்லையாம். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர் குருக்கள். பரவாயில்லை, சாமி பேருக்கே பண்ணிவிடலாம் என்று பூவை எடுத்தார்.

அப்பா திரும்பினார்.

"சாமி பேருக்கு எதுக்கு? ஆளில்லாதவளா அது? ரோகிணின்னு சொல்லுங்க. என்னோடதுதான்."

குருக்கள் இரண்டு பேரையும் இரண்டு நட்சத்திரத்தையும் சொல்லி, எங்கள் குடும்பத்தின் பேரையும் சேர்த்துச் சொல்லி, தேங்காயை உடைத்தார். அண்ணிக்கு என்ன நடந்தது என்று முழுதாகப் புரியவில்லை. ஆனால் பின்னாலிருந்து அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்த வேகத்தைப் பார்த்து அவளும் அழுதுவிட்டாள். எனக்கு அங்கேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது. பொம்பளை ஆடினால் சாமி வந்துவிட்டது என்பார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

தீபாராதனை முடிந்தது. சாமியைத் தூக்கப்போனவர்களை அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். பரிவட்டத்தைச் சரிசெய்துகொண்டு, மாடிப் பக்கம் பார்க்காமலே என்னிடம் சொன்னார்.

"சாமி கீழ நிக்கிறப்ப மாடியில என்ன வேல? எறங்கி வரச் சொல்லு அவன."

நான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணன் படியில் தடதடவென்று இறங்கி வந்தான். அவன் அப்பா பக்கத்தில் வந்து கைகட்டி நின்ற பிறகுதான் சாமி அந்த வாசலைவிட்டு நகர்ந்தது.