ஒன்றாகாத இரண்டு மெஷின்கள்

மரம் இழைக்கும் மெஷினுக்குப் பாகம் தேடி அலைந்தவன் நான். எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் அலையவில்லை, தெரிந்தேதான் அலைந்தேன். சைக்கிளை மிதித்தால் போய்விடக்கூடிய தூரத்தில், நூம்பலில், என் தங்கை புருஷனுடைய கொட்டகையில் அது இருந்தது. அவனிடம் போய்க் கேட்பதைவிட நாண்டுகொண்டு செத்துவிடலாம் என்று இருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் கூட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் மூடிக் கிடந்த ஒரு ஃபாக்டரியின் சாமான்களை ஏலம் விட்டபோது இழைப்பு மெஷின் இரண்டை ஒன்றாகவே எடுத்தோம். வெளிநாட்டுச் சரக்கு. ஒரே கம்பெனி, ஒரே அச்சு. சொரசொரப்பான பலகையை இந்தப் பக்கம் நுழைத்தால் அந்தப் பக்கம் வழவழவென்று மூலைக்கு மூலை ஒரே கனத்தில் வரும். இரண்டு ஆள் நாள் முழுக்க இழைப்புளி தள்ளுகிற வேலையை டீ வருவதற்குள் முடித்துவிடும். அதைச் செய்த கம்பெனி நாங்கள் ஏலம் கேட்பதற்கு முன்பே இழுத்து மூடப்பட்டிருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எடுத்திருப்போம். எங்கள் அப்பன் பாட்டன் எல்லாம் அடுத்தவன் கழனியில் குனிந்து கிடந்தவர்கள். இது என்னுடையது என்று ஒரு மெஷின் மேல் கை வைத்து நின்ற முதல் ஆட்கள் நாங்கள்தான்.

கொரட்டூரில் கொட்டகை போட்டோம். கதவு, ஜன்னல் சட்டம், அலமாரிப் பலகை என்று வேலை நன்றாகத்தான் போனது. ஆவடியில் வீடு கட்டி விற்கிற ஒருவர் எங்களுக்கு விடாமல் வேலை கொடுத்துவந்தார். ஒருநாள் மாப்பிள்ளை எனக்குத் தெரியாமல் அவரிடம் போய், இனி எல்லாக் கதவும் தன் பேரில்தான் என்று பேசி முடித்துவிட்டு வந்தான்.

கேட்டதற்கு, "உன் வாய்க்கு அந்தாளு வேற எடம் பாத்துகினு பூடுவாரு மச்சான். அதான் நானே பேசிகினேன்" என்றான்.

எனக்கு வாய் சரியில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதைச் சொல்ல இவனுக்கு என்ன யோக்கியதை? அந்த வாரமே ஆளுக்கொரு மெஷினாகப் பிரித்துக்கொண்டோம். அவன் பங்கை லாரியில் ஏற்றி நூம்பலுக்குக் கொண்டுபோனான். என் தங்கை அந்த லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து போனாள். என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனாள்.

சில வருடங்களில் என் மெஷின் உடைந்தது. பழைய வீடு இடித்த தேக்கு, உள்ளே ஓர் ஆணி இருந்திருக்கிறது. பலகை சிக்கி, மரத்தை உள்ளே இழுக்கிற கியர் பாக்ஸின் வார்ப்பிரும்புக் கூடு நெடுக விரிந்துவிட்டது. கூடு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களுக்கு நிற்க இடமில்லை. பாரிமுனைக் கடைகளில் ஏறி இறங்கினேன். "அந்த மாடல் நின்னு போச்சு" என்றார்கள். எல்லாக் கடையிலும் அதே வார்த்தை, ஏதோ பஸ் நின்றுபோன மாதிரி. வெல்டிங் வைத்துப் பார்த்தேன். பக்கத்திலேயே புதிதாக ஒரு கீறல் விட்டது.

சரி, புதிதாகவே ஊற்றிவிடுவோம் என்று இறங்கினேன். இரும்பை ஊற்ற முதலில் மரத்தில் அதே மாதிரி ஓர் அச்சு வேண்டும். மரவேலை செய்கிறவனுக்கு அது ஒரு பெரிய விஷயமா? உடைந்த கூட்டைப் பசை வைத்து ஒட்டி, அளந்து, தேக்கில் மயிரிழை பிசகாமல் செய்தேன். அதைப் பார்த்த என் ஆட்களே வாய் பிளந்தார்கள். அம்பத்தூரில் ஒரு வார்ப்படக்காரரிடம் கொடுத்தேன். வந்தது உதவாத வார்ப்பு. கூடு சின்னதாக இருந்தது.

"இன்னா அண்ணாத்தே, இரும்பு ஆறினா சுருங்காதா?" என்றார் வார்ப்படக்காரர். "சுருங்கறதுக்கு எடம் விடணும், கடைசல் புடிக்கறதுக்கு எடம் விடணும். நீ கதவுச் சட்டம் மாதிரி கரெக்டா செஞ்சி எட்த்துகினு வந்துக்கீறே."

"இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீதான் அளவ பத்தி எனக்குச் சொல்லாதன்னு சொன்னியே."

சொல்லியிருப்பேன். இரண்டாவது முறை தாராளமாக இடம் விட்டு அச்சு செய்தேன். இந்தத் தடவை வார்ப்பு உள்ளுக்குள் கொப்புளம் கொப்புளமாக வந்திருக்கிறது. வெளியே தெரியவில்லை. கடைசல் பிடித்து, மாட்டி, ஒரே ஒரு பலகை விட்டேன். மெஷினோடு முடுக்குகிற காதுப் பக்கம் உடைந்து கையோடு வந்தது. அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுத முடியாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை தூக்குச் சட்டியில் நெத்திலிக் குழம்போடு வந்தாள். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் சொன்னாள். அவள் புருஷன் மெஷினும் போய்விட்டதாம். அவனுக்குப் போனது பிளாக். கத்திகளைப் பூட்டிக்கொண்டு சுழல்கிற இரும்பு உருளை. கீறல் விட்டுவிட்டது. எஸ்டேட்டில் ஒரு லேத்துக்காரரிடம் அதே மாதிரி கடைந்து மாட்டினான். எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்போல, சுவிட்ச் போட்டதும் கொட்டகையே ஆடியிருக்கிறது. ஒரு கத்தி கழன்று பறந்து கூரைத் தகட்டில் செருகி நின்றதாம். அதன் பிறகு அவன் மெஷின் பக்கமே போகவில்லை.

மறைப்பானேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். என் பிளாக் பழுதில்லாமல் இருந்தது.

"ரெண்டும் ஒரே மெஷின்தானேண்ணே" என்றாள் தங்கை. "அவரு பாக்ஸு நல்லா கீது. உன் பிளாக்கு நல்லா கீது. ரெண்டையும் சேத்தா ஒண்ணாவது ஓடும்ல? மின்ன மாதிரி ரெண்டு பேரும் சேந்து வேல பாக்கலாம்."

அவ்வளவு எளிதான விஷயம் அவள் சொல்லச் சொல்லவே எனக்கும் தோன்றிவிட்டது, அவனுக்கும் எப்போதோ தோன்றியிருக்கும். வாயைத் திறந்து சொல்லத்தான் இருவருக்கும் மனசில்லை.

"எங்க வெச்சி ஓட்டறது?" என்றேன்.

"எங்கியோ ஒரு எட்த்துல."

"அவன் பாக்ஸ கயிட்டிகினு இங்க வரட்டும்."

அவள் போனாள். அடுத்த வாரம் திரும்பி வந்தாள். பிளாக்கைக் கழற்றிக்கொண்டு நான்தான் நூம்பலுக்கு வரவேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். என் கொட்டகை வேண்டாம், அவன் கொட்டகையும் வேண்டாம், நடுவில் வேலப்பன்சாவடியில் ஓர் இடம் வாடகைக்குப் பார்க்கலாம் என்றாள். இதை அவளே யோசித்திருக்கிறாள். இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

"சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டேன்.

அவள் காலி தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் ஆள் விட்டு அவன் பாக்ஸை விலைக்குக் கேட்டேன். தரமாட்டேன் என்றான். அவன் ஆள் விட்டு என் பிளாக்கை விலைக்குக் கேட்டான். போடா என்று சொல்லி அனுப்பினேன். அவன் முதலில் விழுவான் என்று நான் காத்திருந்தேன். நான் விழுவேன் என்று அவன் காத்திருந்தான். நான் மறுபடி இழைப்புளியைக் கையில் எடுத்தேன். முதுகு விட்டுப்போனது. ஆட்கள் ஒவ்வொருவராக எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் எவருக்காகச் சண்டை போட்டுப் பிரிந்தோமோ அந்த ஆவடிக்காரர், ஒட்டுப்பலகையில் செய்த ரெடிமேட் கதவுக்கு மாறிவிட்டார். அவருக்கு எங்கள் இருவர் ஞாபகமும் இருந்திருக்காது.

கடைசியில் விழுந்தவன் அவன்தான். தொண்ணூறுகளில் ஒரு காலை, மாப்பிள்ளை கொட்டகையைக் காலி பண்ணிவிட்டான், மெஷினைப் பூந்தமல்லிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டான் என்று டீக்கடையில் கேள்விப்பட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். சொல்வதற்கு என்ன, மனசு துள்ளியது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பாக்ஸ் இரும்புக்கடையில் இருந்தால் அது யாருடையதும் இல்லை, கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

மெஷின் கடை வாசலிலேயே கிடந்தது. மேஜைப் பலகை முழுசாக இருந்தது. ரோலர்கள் முழுசாக இருந்தன. கியர் பாக்ஸ் மட்டும் ஜல்லி மாதிரி நொறுங்கிக் குவியலாகக் கிடந்தது.

"லாரில ஏத்தறப்ப உழுந்துச்சா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"உழல நைனா. அந்தாளோட சம்சாரம்தான் இத்த மட்டும் சம்மட்டில ஒடச்சிட்டு எட்த்துகினு போன்னு சொல்லிச்சு. ஒடைக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னுகினு இருந்திச்சு."

நேராக நூம்பலுக்குப் போனேன். அவன் வீட்டில் இல்லை. யாரோ ஒருவருடைய பட்டறைக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தான். தங்கை வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"நீ வருவேன்னு தெரியும்ணே. நான் ரெண்டு ஊட்டுக்கும் நாயா அலஞ்சப்ப இந்த வாசப்படிய மிதிக்காதவன், இரும்பு வண்டி போன சேதி கேட்டு ஓடியாந்துட்டே. என் புருசன் தோத்துட்டாரு. அத்த மாட்டிகினு நீ ஓட்டுவே, அத்த நான் பாத்துகினு இருக்கணுமா? ரெண்டு பேருக்கும் சேந்து ஓட்ட புடிக்கல இல்ல. யாருக்கும் ஓடவாணாம்."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கவில்லை. இன்றுவரை அந்த வீட்டில் நான் தண்ணீர் குடித்ததில்லை. அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை. யார் மேல் என்றுதான் சரியாகச் சொல்ல வரவில்லை.

பொங்கல் முடிந்ததும் நானும் கொட்டகையைக் காலி செய்தேன். அதே இரும்புக்கடைக்காரர்தான் ஆட்களோடு வந்தார். மெஷினைப் பிரித்துப் போட்டார்கள். பிளாக்கை வெளியே எடுத்து வைத்தபோது வெயிலில் அது புதிது மாதிரி மின்னியது. ஒருவன் சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இத்தயும் ஒடைக்கணுமாண்ணே?"

"வாணாம், அப்படியே எட்த்துகினு போ" என்றேன். கேட்டு வர ஓர் ஆள் மிச்சம் இருந்தால்தானே உடைக்க வேண்டும்.